எட்டு வயது ரோஜாவை இடம் மாற்ற வேண்டும்: எப்போது, எப்படி?

சுவரோரம் எழுதியது:

வணக்கம். எங்கள் வீட்டின் பின்பக்கச் சுவரை ஒட்டி ஒரு ஒட்டு ரோஜா நிற்கிறது. மகள் பிறந்த வருடம் வைத்தது, அவளுக்கும் செடிக்கும் இப்போது 8 வயது. என் தோள் உயரம் வளர்ந்திருக்கிறது. அடியில் ஐந்து தண்டுகள், அதில் இரண்டு என் கட்டைவிரலை விடத் தடிமன். வெளிர் ரோஸ் நிறப் பூ, ஓரம் மட்டும் கொஞ்சம் அடர்த்தியாக இருக்கும். பூத்து முடிந்தால் ஒரு மாதம் சும்மா இருக்கும், அப்புறம் மறுபடி குலுங்கும்.

அந்தச் சுவர் அடியில் விரிசல் விட்டுவிட்டது. இடித்துவிட்டுப் புதிதாக அஸ்திவாரம் தோண்ட வேண்டும் என்கிறார் கொத்தனார். பள்ளம் சரியாகச் செடி நிற்கும் இடத்தில்தான் வருகிறது. ஆறு வாரம் தவணை கேட்டு வாங்கியிருக்கிறேன். எங்கள் பக்கம் பனி உறையாது. மழை இப்போதுதான் ஓய்ந்து, காலையில் லேசாகக் குளிர் தெரிகிறது.

எனக்குப் பயமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சின்னச் சிவப்பு ரோஜாவை இடம் மாற்றிச் சாகடித்துவிட்டேன். நடந்ததை அப்படியே சொல்கிறேன், தப்பு எங்கே என்று சொல்லுங்கள். நல்ல கோடை, மதியம் சாப்பிட்ட பிறகு வேலை ஆரம்பித்தேன். சுற்றிலும் மண்வெட்டியால் கொத்திவிட்டு, தண்டைப் பிடித்து இழுத்தேன். மண் முழுக்க உதிர்ந்து வேர் மட்டும் கையில் வந்தது. புதுக் குழி தோண்டும் வரை, ஒரு முக்கால் மணி நேரம் இருக்கும், திண்ணையில் போட்டு வைத்திருந்தேன். குழியில் புதுச் சாணமும் ஒரு கைப்பிடி யூரியாவும் போட்டேன். நாலு மொட்டு இருந்ததால் கிளையை வெட்ட மனம் வரவில்லை. காலையும் மாலையும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். நாலாம் நாள் இலை தொங்கியது. மூன்றாவது வாரம் தண்டு கறுத்தது. பிடுங்கிப் பார்த்தால் வேர் பழுப்பாக, கொழகொழவென்று நாற்றம் அடித்தது.

இந்தச் செடி அப்படிப் போய்விடக் கூடாது. ஆறு வாரத்தில் என்ன செய்யலாம்? எந்த நாளில் எடுக்கலாம்? வேலையை நான்தான் செய்யப் போகிறேன், தூக்கும்போது மட்டும் வீட்டுக்காரர் வருவார்.


வேலிக்கால் எழுதியது:

தங்கச்சி, முதலில் அந்தச் சிவப்பு ரோஜாவைப் பற்றிப் பேசிவிடலாம். அது ஏன் போனது என்று புரிந்தால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

செடியைத் தோண்டும்போது நம் கண்ணுக்குத் தெரிவது தடித்த வேர். அது செடியை நிறுத்திப் பிடிக்கிறது, உணவைச் சேர்த்து வைக்கிறது. தண்ணீர் குடிப்பது பெரும்பாலும் அது இல்லை. நுனியில் இருக்கும் சல்லிவேரும், அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய வேர்த்தூவிகளும்தான் குடிக்கின்றன. தண்டைப் பிடித்து இழுத்தீர்களே, அந்தச் சல்லிவேரில் முக்கால்வாசி அப்போதே அறுந்து பழைய மண்ணிலேயே தங்கிவிட்டது. தப்பி வந்ததும் திண்ணை வெயிலில் காய்ந்துவிட்டது. மேலே இலையும் மொட்டும் அப்படியே இருந்தன, கோடை வெயிலில் அவை தண்ணீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருந்தன. குடிக்க வாய் இல்லாமல் வியர்த்துக்கொண்டே இருந்தால் எத்தனை நாள் தாங்கும்? யூரியா மிச்ச வேரைச் சுட்டது. புதுச் சாணம் மட்கும்போது சூடு கிளப்பும், அதுவும் சேர்ந்துகொண்டது. தினமும் நீங்கள் ஊற்றிய இரண்டு குடம் தண்ணீர், வேருக்கு மண்ணில் இருந்த காற்றையும் விரட்டிவிட்டது. அதனால்தான் அழுகல் நாற்றம்.

ஆக, இந்த முறை நாம் காப்பாற்ற வேண்டியது சல்லிவேரை. மற்ற எல்லா வேலையும் அதற்காகத்தான்.

நாள் விஷயத்தில் உங்களுக்கு நல்ல காலம். பனி உறையாத இடத்தில் ரோஜா முழுசாகத் தூங்குவதில்லை. அதனால் மழை ஓய்ந்து, வெயில் ஏறுவதற்கு முன்னால் வரும் குளிர்ந்த வாரங்கள்தான் அதற்கு ஏற்றவை. பகலில் 30 டிகிரியைத் தாண்டாத நாட்களாகப் பாருங்கள். ஒரு பூப்பு முடிந்து அடுத்த துளிர் கிளம்பாத இடைவெளியில் எடுத்தால் இன்னும் நல்லது. இளந்துளிர் நிறைய இருக்கும்போது மட்டும் கை வைக்காதீர்கள். அதுதான் முதலில் வாடும். நேரம், சாயங்காலம். ஒரு ராத்திரி முழுக்கச் செடிக்கு ஓய்வு கிடைக்கும்.

கையில் ஆறு வாரம் இருப்பது பெரிய விஷயம். இன்றைக்கே பெயர்க்க வேண்டாம். இந்த வாரம் வேரில் பாதியை மட்டும் வெட்டுங்கள். தண்டிலிருந்து 10 அங்குலம் தள்ளி, சுவர்ப் பக்கமாக ஒரு அரை வட்டம் போடுங்கள். அந்த வரியில் ஒரு அடி ஆழத்துக்கு ஒடுக்கமான பள்ளம் எடுங்கள். சுவர்ப் பக்கத்தை முதலில் செய்யச் சொல்வது ஏன் என்றால், அங்கே கை போக இடம் இருக்காது. அஸ்திவாரத்துக்கு அடியில் புகுந்த வேர் ஒன்றாவது இருக்கும். கடைசி நாளில் அதோடு போராடினால் மண்கட்டி உடைந்துபோகும். விரல் தடிமன் வேர் வந்தால் மண்வெட்டியால் கொத்தாதீர்கள். மண்ணை விலக்கிவிட்டுக் கவாத்துக் கத்திரியாலோ சின்ன ரம்பத்தாலோ நேராக அறுங்கள். கொத்தினால் வேர் நார்நாராகப் பிய்ந்து அழுகல் பிடிக்கும். அப்புறம் அந்தப் பள்ளத்தில் மணலும் நன்றாக மட்கிய தொழு உரமும் சமமாகக் கலந்து நிரப்பி, தண்ணீர் விடுங்கள்.

மூன்று வாரம் கழித்து மறுபாதி. அதற்குள் முதல் பாதியில் அறுத்த இடத்துக்குப் பக்கத்திலிருந்து வெள்ளையாகப் புதுச் சல்லிவேர் கிளம்பியிருக்கும். நமக்கு வேண்டியது அதுதான். செடிக்குப் பக்கத்திலேயே, நாம் தூக்கிக்கொண்டு போகப்போகும் மண்ணுக்குள்ளேயே வாய் முளைக்கிறது. ஐந்தாம் வாரம் முடிந்து ஆறாம் வாரத்தில் பெயருங்கள்.

புதுக் குழியை ஒரு வாரம் முன்பே தோண்டி வையுங்கள். இரண்டரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். தண்ணீர் நிரப்பி வடிய விட்டு, மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் தடவை மணிக்கு ஒரு அங்குலமாவது இறங்க வேண்டும். தேங்கினால் அந்த இடம் ரோஜாவுக்கு ஆகாது, அங்கேதான் வேண்டும் என்றால் ஒரு அடி மேடு கட்டி அதன்மேல் நட வேண்டும். வெயில் குறைந்தது 6 மணி நேரம், அதுவும் காலை வெயிலாக இருந்தால் இலையில் பனி ஈரம் சீக்கிரம் காய்ந்து பூசணம் குறையும். தோண்டிய மண்ணில் நாலில் ஒரு பங்கு மட்கிய தொழு உரம் கலந்தால் போதும். வேறு எதுவும் வேண்டாம். யூரியா வேண்டவே வேண்டாம்.

எடுக்கும் நாளுக்கு முந்தின சாயங்காலம் செடிக்கு நிறையத் தண்ணீர் விடுங்கள். செடியும் தெம்பாக இருக்கும், மண்ணும் வேரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் களிமண்ணாக இருந்தால் சேறாக்கிவிடாதீர்கள், இரண்டு நாள் முன்பே ஊற்றுங்கள். மறுநாள் கவாத்து: காய்ந்தது, பென்சிலை விட மெலிந்தது, உள்பக்கம் குறுக்கே போவது எல்லாம் போகட்டும். பூவும் மொட்டும் எத்தனை இருந்தாலும் போகட்டும். நல்ல தண்டுகளைப் பாதி உயரத்துக்குக் குறையுங்கள். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக வெட்டு. பிறகு ஐந்து தண்டையும் ஒரு பழைய துணியால் லேசாகச் சேர்த்துக் கட்டுங்கள், முள் குத்தாமல் வேலை ஓடும்.

இனி தோண்டல். முன்பு வெட்டிய கோட்டிலேயே தோண்டாதீர்கள், 2 அங்குலம் வெளியே தள்ளித் தோண்டுங்கள். புது வேர் அந்த 2 அங்குலத்தில்தான் இருக்கும். ஒரு அடி இறங்கியதும் உள்பக்கமாகச் சாய்த்து, அடியில் கிண்ணம் போல ஒடுக்கிக்கொண்டு வாருங்கள். நேர்கீழே ஒரு தடித்த வேர் போகும், அதை ரம்பத்தால் அறுத்தால் கட்டி கையோடு அசையும். ஒரு கோணிச் சாக்கைப் பாதி சுருட்டி, கட்டியை ஒருபக்கம் சாய்த்து அடியில் சொருகி, மறுபக்கம் சாய்த்துச் சுருளை இழுத்து விரியுங்கள். சாக்கின் நாலு முனையையும் தண்டுக்கு மேலே சேர்த்துக் கட்டுங்கள். தூக்குவது சாக்கைப் பிடித்துத்தான். தண்டில் கை வைத்தால் உள்ளே மண் விட்டுப்போகும். இந்த அளவுக் கட்டி ஈரத்தோடு 100 கிலோவுக்குக் குறையாது, அதனால் மூன்றாவது ஆள் ஒருவரைக் கூப்பிடுங்கள், அல்லது பலகையில் வைத்து இழுங்கள்.

குழியில் பழைய மண் மட்டமும் புது மண் மட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். குழிக்குக் குறுக்கே ஒரு குச்சியை வைத்துப் பார்த்தால் தெரியும். ஒட்டுப் போட்ட முண்டு, அதாவது காட்டு ரோஜா வேரோடு உங்கள் ரோஜாவை இணைத்த இடத்தில் தண்டடியில் தெரியும் வீக்கம், உங்கள் ஊர் மாதிரி உறையாத இடத்தில் மண்ணுக்கு 2 அங்குலம் மேலே நிற்கட்டும். பாதி மண் போட்டுத் தண்ணீர் விடுங்கள், அது உறிஞ்சியதும் மீதியைப் போடுங்கள். காலால் மிதிக்காதீர்கள். உள்ளே காற்றுக் குமிழ் இருந்தால் தண்ணீரே அதை அடைத்துவிடும். கடைசியாக 15 லிட்டர் மெதுவாக ஊற்றி, சருகோ வைக்கோலோ 3 அங்குலம் மூடாக்கு போடுங்கள், தண்டை ஒட்டி மட்டும் ஒரு கை அகலம் விட்டுவிட்டு. இரண்டு வாரத்துக்கு மேலே நிழல்வலை.

அதற்குப் பிறகு தினமும் ஊற்றக் கூடாது. விரலை 2 அங்குலம் மண்ணில் நுழைத்துப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் சும்மா இருங்கள்.


பனித்தோட்டம் எழுதியது:

வேலிக்கால் அண்ணன் சொன்னது உறையாத ஊர்களுக்கு. நான் இருப்பது மண் கல்லாக உறையும் நாடு. இங்கே இருந்து படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை.

இங்கே செடி நிஜமாகவே தூங்குகிறது. அதனால் குளிர்காலம் முடிகிற நேரத்தில், மண் இளகி மண்வெட்டி இறங்கும், ஆனால் கணு இன்னும் வீங்கியிருக்காது, அந்த இரண்டு மூன்று வாரம்தான் சரி. அப்போது மண்கட்டி இல்லாமல் வெறும் வேரோடு எடுத்தாலும் பிழைக்கும், ஏனென்றால் தண்ணீரை ஆவியாக விட ஒரு இலை கூட இல்லை. நான் மூன்று செடிகளை அப்படி மாற்றியிருக்கிறேன். எடுத்ததும் ஈரச் சாக்கில் சுற்றி, நடுவதற்கு முன் இரண்டு மணி நேரம் வாளித் தண்ணீரில் வேரை ஊற வைத்தேன். ஒட்டு முண்டை மேலே விடாமல் 2 அங்குலம் மண்ணுக்குள் புதைக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த குளிரில் அது உறைந்து செத்துவிடும்.

வேர் பிழைத்தால் செடி பிழைக்கும் என்பதற்கு இன்னொன்று சொல்கிறேன். ஜெர்மனியில் ஹில்டெஸ்ஹைம் பேராலயச் சுவரில் ஒரு காட்டு ரோஜா படர்ந்திருக்கிறது, ஆயிரம் வருட ரோஜா என்று அதற்குப் பெயர். 1945 மார்ச்சில் குண்டு விழுந்து பேராலயம் எரிந்தபோது செடி மேலே முழுக்கக் கருகிவிட்டது. இடிபாட்டுக்குள் வேர் மட்டும் உயிரோடு இருந்தது. அதே வருடம் புதுத் துளிர் விட்டது, இன்றும் பூக்கிறது. அதனால் பாதித் தண்டை வெட்டப் பயப்படாதீர்கள் அக்கா.


மொட்டைமாடி எழுதியது:

பாதி வெட்டச் சொல்வதில் எனக்குச் சம்மதம் இல்லை. செடி சேர்த்து வைத்த மாவுச்சத்து தண்டிலும் இருக்கிறது. புது வேர் விடச் சொல்லித் தூண்டும் சத்து, மேலே துளிர் நுனியிலும் இளம் இலையிலும்தான் உருவாகி இறங்குகிறது. மொட்டையாக வெட்டினால் செடி முதலில் இலை விடத்தான் பாடுபடும், வேர் பின்தங்கும். தொட்டி ரோஜாக்களை மண்ணோடு மாற்றும்போது நான் பூவையும் மெலிந்த கிளையையும் மட்டும் எடுப்பேன். ஒன்றுகூட வாடியதில்லை.


வேலிக்கால் எழுதியது:

மொட்டைமாடி சொல்வது சரிதான். தொட்டியிலிருந்து மாற்றும்போது வேர் ஒன்றுமே அறுவதில்லை, அதனால் மேலே குறைக்க வேண்டிய அவசியமும் இல்லை. தரையில் 8 வருடம் நின்ற செடி வேறு. எவ்வளவு கவனமாகத் தோண்டினாலும் வேரில் பாதிக்கு மேல் மண்ணிலேயே நின்றுவிடும்.

ஆனாலும் அவர் சொன்னதைக் கேட்ட பிறகு என் யோசனையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். தோண்டுவதற்கு முன் மூன்றில் ஒரு பங்கு மட்டும் வெட்டுங்கள். கட்டி உடையாமல் வந்தால் அதோடு நிறுத்திவிடலாம். மண் உதிர்ந்தால் மட்டும் பாதி வரை போங்கள். வெட்டிய தண்டை ஒட்ட முடியாது, வெட்டாததை எப்போது வேண்டுமானாலும் வெட்டலாம்.


சுவரோரம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அண்ணா, சுவர்ப் பக்கம் அரை வட்டம் இன்று எடுத்துவிட்டேன். நீங்கள் சொன்ன மாதிரியே ஒரு வேர் அஸ்திவாரத்துக்கு அடியில் போயிருந்தது. கட்டைவிரல் தடிமன், வெளியே பழுப்பு, அறுத்தால் உள்ளே வெண்ணெய் நிறம். ரம்பத்தை வைக்கக் கை நடுங்கியது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து மண்ணை விலக்கிக் கொடுத்தாள்.

இரண்டு கேள்வி. எங்கள் மண் கொஞ்சம் மணற்பாங்கு. கட்டி நிற்குமா? அப்புறம், இடம் மாற்றும் செடிக்கு வைட்டமின் பி1 கரைசல் ஊற்றினால் அதிர்ச்சி தெரியாது என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். வாங்கலாமா?

புது இடம் கிழக்குப் பக்கம், ஒரு மணி வரை வெயில் விழும். குழி தோண்டுவதும் சுலபம், அந்தச் சிவப்பு ரோஜா இருந்த இடம்தான், மண் இளகியே இருக்கிறது.


வேலிக்கால் எழுதியது:

தங்கச்சி, அந்தக் கடைசி வரியைப் படித்ததும் உடனே எழுத உட்கார்ந்தேன். அந்தக் குழியில் அப்படியே நடாதீர்கள்.

ரோஜா இருந்த மண்ணில் இன்னொரு ரோஜாவை வைத்தால், காரணம் வெளியே தெரியாமல் அது நோஞ்சானாக நிற்பது உண்டு. பழைய வேரோடு மண்ணில் தங்கிவிட்ட பூசணங்களும் நூற்புழுக்களும் புது வேரைத் தாக்குவதுதான் என்கிறார்கள். வேர் அறுந்து வரும் செடிக்கு அது கூடவே ஆகாது. உங்கள் சிவப்பு ரோஜா வேர் அழுகியே செத்தது, அந்த அழுகலின் மிச்சமும் அங்கே இருக்கும். முடிந்தால் 4 அடியாவது தள்ளிப் புதுக் குழி எடுங்கள். அந்த இடம்தான் வேண்டும் என்றால் இரண்டரை அடி அகலம் இரண்டடி ஆழத்துக்கு மண்ணை மொத்தமாக வெளியே எடுத்து, ரோஜா இதுவரை வளராத பாத்தியிலிருந்து மண் கொண்டுவந்து நிரப்புங்கள். எடுத்த மண்ணை ரோஜா இனம் அல்லாத வேறு செடிகளுக்குப் போடலாம்.

மணற்பாங்கான மண் உதிரத்தான் செய்யும். அதற்கு வழி, முதல் நாள் நன்றாக நனைப்பது, அப்புறம் கட்டியை முழுசாகப் பெயர்ப்பதற்கு முன்பே பக்கவாட்டில் ஈரச் சாக்கைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிவிடுவது. அதற்குப் பிறகுதான் அடியில் அறுக்க வேண்டும்.

பி1 வாங்க வேண்டாம். செடி தனக்கு வேண்டிய பி1-ஐ இலையிலேயே செய்துகொள்கிறது, மண்ணில் ஊற்றுவதால் வேர் அதிகம் பிடிப்பதில்லை. அந்தக் காசுக்கு நிழல்வலை வாங்குங்கள்.

இன்னொன்று, ரொம்ப முக்கியம். கவாத்தில் விழும் தண்டுகளைக் குப்பையில் போடாதீர்கள். பூத்து முடிந்த, பென்சில் தடிமன் உள்ள தண்டாகப் பார்த்து 6 முதல் 8 அங்குல நீளத்துக்கு, நாலு கணு இருக்கும்படி துண்டு போடுங்கள். கீழ் வெட்டு கணுவுக்கு நேர் கீழே இருக்கட்டும். மேலே இரண்டு இலை விட்டு மீதியை எடுத்துவிடுங்கள். ஈர மணலும் தேங்காய்நார்த் தூளும் கலந்த தொட்டியில் இரண்டு கணு உள்ளே போகும்படி சொருகி, வெளிச்சமான நிழலில் வையுங்கள். ஒரு தெளிவான பிளாஸ்டிக் பையை மேலே கவிழ்த்தால் ஈரம் போகாது. ஆறு எட்டு வாரத்தில் வேர் பிடிக்கும். பத்து குச்சி வைத்தால் மூன்று நாலு வந்தாலே சந்தோஷம். தாய்ச்செடிக்கு என்ன ஆனாலும் அதே பூ உங்கள் கையை விட்டுப் போகாது. அது தெரிந்திருந்தால் தோண்டும்போது கை நடுங்காது.


சுவரோரம் எழுதியது (மூன்று மாதம் கழித்து):

எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். செடி உயிரோடு இருக்கிறது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், அடுத்து யாராவது இதேபோல் தேடி வந்தால் உதவும்.

இரண்டாவது அரை வட்டம் எடுத்த அன்று, ஆசையை அடக்க முடியாமல் முதல் பள்ளத்தில் நிரப்பிய மணலை ஒரு ஓரமாக விரலால் விலக்கிப் பார்த்தேன். அறுத்த அந்தத் தடித்த வேரின் வாயில் ஒரு தடிப்பு உருண்டு நின்றது. அதைச் சுற்றி ஏழெட்டு வெள்ளை இழைகள், சேமியா அளவு தடிமன், நுனி மட்டும் கண்ணாடி மாதிரி. ஒரு இழையில் மணல் துகள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன, ஊதினாலும் விழவில்லை. உடனே மூடி ஈரம் பண்ணிவிட்டேன். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தைரியமே வந்தது.

புதுக் குழியை 5 அடி தள்ளித் தோண்டினோம். தண்ணீர் சோதனையில் முக்கால் மணி நேரத்தில் இரண்டு அங்குலம் இறங்கியது. எடுத்த அன்று மேகமூட்டம். மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டு, நாலரை மணிக்கு ஆரம்பித்தோம். சாக்கைச் சுற்றிக் கட்டியிருந்தும், அடி வேரை அறுத்துச் சாய்க்கும்போது சுவருக்கு எதிர்ப்பக்கம் ஒரு பெரிய துண்டு மண் சரிந்துவிட்டது. அந்தப் பக்கத்து வேர் வெளியே தொங்கியது. ஈரத்துணி போட்டு மூடி, அங்கேயே கத்திரியை எடுத்துப் பாதி உயரத்துக்கு வெட்டினேன். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எடுத்ததிலிருந்து நட்டுத் தண்ணீர் விடும் வரை மொத்தம் 20 நிமிடம்.

ஆறாம் நாள் மிச்சம் இருந்த இலை மஞ்சளாகி உதிர ஆரம்பித்தது. பழைய பயம் வந்துவிட்டது. குடத்தை நிரப்பிக்கொண்டு போய்விட்டேன். விரலை விட்டுப் பார்த்தால் உள்ளே நல்ல ஈரம். குடத்தை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். நகத்தால் தண்டில் லேசாகச் சுரண்டினேன், தோலுக்கு அடியில் பச்சை. ஐந்து தண்டிலும் பச்சை. அதற்குப் பிறகு வாரம் ஒரு முறை மட்டும் சுரண்டிப் பார்த்தேன்.

19-ஆம் நாள் வெளிப்பக்கக் கணு ஒன்றில் கடுகளவு சிவப்பு. 24-ஆம் நாள் அது பிளந்து துளிர் விட்டது. இடையில் ஒரு தண்டு மட்டும் நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே இறங்கியது. உள்ளே வெள்ளையாகத் தெரியும் வரை வெட்டிக்கொண்டே போனேன், கடைசியில் அடி வரை போய்விட்டது. மற்ற நாலும் நன்றாக இருக்கின்றன. மண் சரிந்த பக்கத்துத் தண்டுதான் போனது.

குச்சிகள் பன்னிரண்டு வைத்தேன். நாலு பிடித்திருக்கின்றன. ஒன்றை மகள் தன் தொட்டிக்கு மாற்றிவிட்டாள்.

இப்போது செடியில் பத்துப் பதினைந்து துளிர், நீளமானது ஒரு சாணைத் தாண்டிவிட்டது, அதன் நுனியில் ஒரு மொட்டு. அடியில், மண்ணை ஒட்டி ஒரு துளிர் மற்றவற்றை விட வேகமாக ஏறுகிறது, இலை சின்னதாக, வெளிர் பச்சையாக இருக்கிறது. மொட்டை விடலாமா? உரம் போடலாமா? அந்த அடித் துளிர் நல்லதுதானா?


வேலிக்கால் எழுதியது:

படிக்கப் படிக்க அவ்வளவு சந்தோஷம் தங்கச்சி. குடத்தைத் திருப்பிக் கொண்டுவந்தீர்கள் பாருங்கள், செடி அங்கேதான் பிழைத்தது.

மொட்டைக் கிள்ளிவிடுங்கள். மனசு வராதுதான், ஆனாலும் இந்த முதல் சுற்று மொட்டு முழுவதையும், பட்டாணி அளவில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். இலையைத் தொடாதீர்கள். அடுத்த சுற்றில் பூக்கட்டும்.

துளிர் ஒரு சாண் வந்துவிட்டது என்றால் வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தம். மட்கிய தொழு உரம் இரண்டு கைப்பிடி, தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி, மூடாக்கை விலக்கித் தூவி மூடிவிடுங்கள். மாதம் ஒரு முறை போதும்.

அந்த அடித் துளிரை உடனே பாருங்கள். மண்ணை விலக்கி, அது எங்கிருந்து கிளம்புகிறது என்று கண்டுபிடியுங்கள். ஒட்டு முண்டுக்கு மேலே என்றால் அது பொக்கிஷம், புதுத் தண்டு, விட்டுவிடுங்கள். முண்டுக்குக் கீழே என்றால் அது ஒட்டுக் கட்டப் பயன்படுத்திய காட்டு ரோஜாவின் துளிர். வேர் அறுபட்ட செடியில் இது அடிக்கடி வரும். விட்டால் ஒரு வருடத்தில் உங்கள் வெளிர் ரோஸை அமுக்கிவிட்டு அது ஆளும். ஒரு காம்பில் எத்தனை சிற்றிலை என்று எண்ணி முடிவு செய்யாதீர்கள், அது சில நேரம் ஏமாற்றும், கிளம்பும் இடம்தான் சாட்சி. கீழேயிருந்து வருவதாக இருந்தால் கத்திரியால் வெட்டக் கூடாது, வெட்டினால் அடியில் இருக்கும் கண்ணிலிருந்து இரண்டாகக் கிளம்பும். கையுறை போட்டு, அடியோடு பிடித்துக் கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்துவிடுங்கள்.


சுவரோரம் எழுதியது:

இப்போதுதான் மண்ணை விலக்கிப் பார்த்துவிட்டு வந்தேன் அண்ணா. முண்டுக்கு ஒரு விரல் கீழே. பிய்த்துவிட்டேன், அடியில் ஒட்டியிருந்த பட்டைத் துண்டோடு முழுசாக வந்தது. மொட்டையும் கிள்ளியாகிவிட்டது, மகள் அதை ஒரு தட்டில் தண்ணீர் விட்டு வைத்திருக்கிறாள்.